நடுவராக நின்ற முயல்

ஏரிக்கரைக் காட்டில் முயல்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. முள்ளம்பன்றிதான் டீச்சர். ஆண்டுத் தேர்வில் தேறிய முயல்கள் கம்பங்கொல்லைக்கு மேயப் போகலாம். தேறாதவர்களுக்கு இன்னும் ஓராண்டு காய்ந்த புல்தான்.

கிட்டான் முயல் போன வருஷம் தேறவில்லை. தம்பிகள் கம்பு தின்று கொழுகொழுவென்று வந்து நின்றபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பருந்து என்றால் முட்புதருக்குள், பாம்பு என்றால் பாறை மேல், நாய் என்றால் வளைக்குள் ஓட வேண்டும். இவ்வளவுதான் பாடம். தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது.

"சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுபோச்சு. நீங்களே ஒரு விளையாட்டு கண்டுபிடிச்சு, விளையாடியே படிச்சுக்குங்க" என்றார் டீச்சர். சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். புதுமையான கல்விமுறை என்று காடே அவரைப் பாராட்டியது.

கிட்டான் முந்திக்கொண்டான். "நான் பேர் சொல்லுவேன். நீங்க ஓடணும். தப்பா ஓடினா அவுட். அவுட் ஆனவங்க சரியான இடத்துக்கு மூணு தடவை ஓடிக் காட்டணும்."

"அப்ப நீங்க எப்ப ஓடுவீங்க, அண்ணே?" என்று கேட்டாள் பொட்டு. எதையும் மெதுவாகப் பிடித்துக்கொள்ளும் முயல் அவள்.

"நடுவர் எங்கேயாவது ஓடுவாரா?"

உண்மையில் அவனுக்குப் பயம். ஓடித் தோற்றால் சிரிப்பார்கள். நடுவரைப் பார்த்து யார் சிரிக்க முடியும்?

"பாம்பு!" என்று கத்துவான். பொட்டு முட்புதருக்குள் பாய்வாள்.

"அவுட். மூணு தடவை ஓடு."

"கால் வலிக்குது, அண்ணே."

"வலிச்சாத்தான் புத்தி வரும்."

மற்றவர்கள் ஒரு தடவை ஓடினால் பொட்டு நாலு தடவை ஓடினாள். எட்டாம் நாள் அவுட் சொல்ல கிட்டானுக்கு ஆளே கிடைக்கவில்லை. உடனே புது விதி போட்டான். ஓடும்போது காது ஆடினாலும் அவுட்.

தேர்வு நாள் வந்தது. டீச்சர் கொட்டாவி விட்டபடி எல்லோரையும் வெட்டவெளியில் நிறுத்தினார்.

"பருந்து!"

புழுதி கிளம்பியது. அத்தனை முயல்களும் முட்புதருக்குள் மறைந்தன. முதலில் நுழைந்தவள் பொட்டு.

ஒரே ஒரு முயல் மட்டும் நடுவில் நிமிர்ந்து நின்றது. முன்னங்காலை நீட்டி, "பொட்டு, உன் காது ஆடுச்சு. அவுட்!" என்றது.

"நீ ஏன்டா இங்கேயே நிக்கிறே?" என்று கேட்டார் டீச்சர்.

"நான் நடுவர், டீச்சர்."

"அதைப் பருந்துகிட்டயும் சொல்லிப் பாரு" என்று சொல்லிவிட்டு, டீச்சர் பட்டியலில் அவன் பெயரை அடித்தார்.

மறுவாரம் கிட்டான் காய்ந்த புல்லை மென்றுகொண்டிருந்தான். பொட்டு ஒரு கம்பங்கதிரைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"நீங்க மட்டும் என்னை அவ்வளவு ஓட வைக்கலேன்னா, நான் தேறியிருக்கவே மாட்டேன், அண்ணே."

அவள் கிண்டல் செய்யவில்லை. மனசாரத்தான் சொன்னாள். அதுதான் அவனுக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது.

அடுத்தவர் தவறையே எண்ணிக்கொண்டு நிற்பவர்கள், தாங்கள் ஓட வேண்டிய நேரத்திலும் நின்றுகொண்டேதான் இருப்பார்கள்.