அடம்பிடித்த சீசாக்கள்

"இந்தக் கள்ளி என்னை ஏமாத்துது மேடம். எனக்குப் பட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். விட்டுட்டுப் போறேன்!"

இசக்கியப்பன் சார் கத்திய கத்தலில் சோதனைக்கூடமே நிமிர்ந்து பார்த்தது.

அவர் ஆராய்ச்சி மாணவர். அதற்காகச் சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பது தாண்டியவர். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார். வழிகாட்டி மெஹருன்னிசா மேடம் அவரைவிட வயதில் சின்னவர். பட்டத்துக்கான கெடு இந்த மாதத்தோடு முடிகிறது.

"சோதனையில என்ன வந்தது?" என்றார் மேடம்.

"என்ன வரும்? சிட்டோஸ்டீரால்! கத்திரிக்காயில இருக்கு, கீரையில இருக்கு. நான் தேடுறது யூஃபால். கள்ளிப்பால்ல இருக்கே, அது!"

மேடம் ஒரு சீசாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வேலியோரம் நாய்கூடச் சீண்டாம நிக்கி திருகுகள்ளி. கிள்ளினா பால் கொட்டுது. அதே தண்டை நறுக்கி, சீசாவுல வச்சு, சர்க்கரை, வைட்டமின், ஏசி எல்லாம் குடுக்கேன். கட்டி கட்டியா, வெள்ளையா, தண்டு இலை எதுவும் இல்லாத வெறும் சதையா, காலஸ் பொங்கி வருது. ஒரு சொட்டுப் பால் உண்டா? நன்றி கெட்ட சனியன்!"

மருந்து விற்றவன் திருடன் என்றார். கூடத்து உதவியாள் நான்; நான் குடுவை கழுவுகிற லட்சணம் சரியில்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மேடம் மூலையில் இருந்த தட்டைக் காட்டினார். அதில் சீசாக்கள் குவிந்து கிடந்தன.

"அது என்ன சார்?"

"கழிச்சது. அவிச்சுக் கொட்டணும்."

"ஏன்?"

"சொன்ன பேச்சு கேக்காததுங்க. இறுகி, பச்சையடிச்சு, முளை விட்டுருது. நான் வளக்கறது காலஸ். முளைச்சா அப்பவே எடுத்துருவேன். வெள்ளையா, மெத்துனு இருக்கறதை மட்டும்தான் பிரிச்சுப் புதுச் சீசாவுல வைப்பேன்."

"எப்போலேருந்து?"

"மொதல்லேருந்தே."

"எங்கிட்ட ஏன் காட்டலை?"

"கெட்டுப்போனதை யாராவது காட்டுவாங்களா மேடம்?"

மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. ஒரு சீசாவை எடுத்து, மூடியைத் திருகி எறிந்து, இடுக்கியால் முளையைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"கிள்ளுங்க."

"மேடம், இது..."

"கிள்ளுங்கன்னு சொல்றேன்ல!"

கிள்ளினார்.

வெள்ளையாய் ஒரு சொட்டு திரண்டது.

கழித்த சீசாக்களை நீராவியில் அவிக்கிற ஆட்டோகிளேவ் பக்கத்தில் சீறிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார்.

"உள்ளே என்ன இருக்கு?" என்றார் மேடம்.

"காலையில கழிச்சது."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினார்.

மேடம் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கண்ணைத் தொடாதீங்க சார். அது பால்."