குளிப்பாட்டி நட்ட புல்

"அம்மா, புல்லு மறுபடியும் செத்துப்போச்சு" என்றார் தாணுமூர்த்தி.

மணல்மேட்டு மடத்தில் அவர் ஒருவர்தான் சீடர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குரு பிச்சம்மாளுக்கு நாற்பதுகூட இல்லை. அதனால் சீடர் குருவை அம்மா என்பார், குரு சீடரை அண்ணாச்சி என்பாள்.

சுத்தத்தில் தாணுமூர்த்தி புலி. சுடுகாட்டுக்குப் போனவர்கள் தலைமுழுகாமல் மடத்துக்குள் வரக்கூடாது என்று வாசலில் எழுதி வைத்தவரே அவர்தான்.

மடத்துக் கிணற்றை நம்பித்தான் அந்தக் கடற்கரையே தண்ணீர் குடித்தது. கிணற்றுக்குப் பின்னால் மணல்மேடு. அதில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தைத் தாணுமூர்த்தி வேரோடு பிடுங்கி எறிந்தார். மணலைப் பிடித்து நிறுத்த இராவணன்மீசைப் புல்லை நட்டார். அது பிடிக்கவே இல்லை. மேடு சரிந்து கிணற்றில் விழத் தொடங்கியது.

"வாளியில மணலா வருது அண்ணாச்சி" என்று காலையில்தான் ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

"ஆடிக் காத்து வந்தா கிணறு தூந்துபோகும். மரத்தப் பிடுங்கினது நாந்தான். பயமா இருக்கும்மா."

"நாத்து எங்க எடுத்தீய?"

"சுடுகாட்டுல. வேற எங்கயும் அந்தப் புல்லு இல்ல."

"எடுத்து?"

"தீட்டுல்லா? ஒரு பொட்டு மணல் ஒட்டாம வேரக் கழுவி, மஞ்சத்தண்ணியில முக்கித்தான் நட்டேன்."

"மஞ்சள் எதுக்கு?"

"பூசணம் பிடிக்காதுல்லா."

பிச்சம்மாள் பூஜைக்குப் பூப்பறிக்கும் கூடையை எடுத்துக்கொண்டாள்.

"வாங்க."

சுடுகாட்டில் ஒரு புல்லின் அடியைக் கையால் மெல்லத் தோண்டினாள். வேரைச் சுற்றி மணல் கட்டிகட்டியாக ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் தலைமுடியைவிட மெல்லிய வெள்ளை நூல்கள்.

"என்ன இது?"

"பூசணம்" என்று முகம் சுளித்தார்.

"எங்க போவுதுன்னு பாருங்க."

மண்டியிட்டு மணலை விலக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அடுத்த வேருக்குப் போவுதும்மா."

"இதுதான் புல்லுக்குச் சோறு ஊட்டுது. மணலையும் இதுதான் கட்டி வச்சிருக்கு."

"நம்ம மேட்டுல இது இல்லையா?"

"கருவேலம் இருக்க விடல. மரத்தத்தான் பிடுங்கினீய. அது கெடுத்த மண்ணு அப்படியேதான் கிடக்கு."

தாணுமூர்த்தி பூக்கூடை நிறைய அந்த மணலை அள்ளினார். அதில் சாம்பலும் கலந்திருந்தது.

மேட்டுக்குப் போக மடத்துக்குள் நுழைந்துதான் வழி. வாசலில் வந்ததும் கூடையை இறக்கிவிட்டு, பழக்கத்தில் தலையில் ஊற்றத் தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

"அதையும் குளிப்பாட்டிருவமா, அண்ணாச்சி?" என்றாள் பிச்சம்மாள், கூடையைக் காட்டி.

தாணுமூர்த்தி செம்பைக் கீழே வைத்தார். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். சாம்பல் ஒட்டிய காலோடு, சாமிக்கு முன்னால் நடந்து, மேட்டுக்குப் போனார்.