வேப்பமரத்துக்கு அப்பால் நூறு அடி

செங்கானூர் மகாராஜா வீரகேசரி பூபதியிடம் ஒரு ரயில் இருந்தது. நாற்பது மைல் தண்டவாளம், ஒரே ஒரு இன்ஜின். அதை வாங்கும்படி அவர் காதில் ஓதியவர் அரண்மனையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன அம்பலவாணர்.

செங்கானூர்த் தோப்பு மாம்பழம் துறைமுகம் போய்க் கப்பலேற வேண்டும். அதற்குத்தான் ரயில். ஆனால் கூத்தைப் பாருங்கள்! தண்டவாளம் தோப்புக்கு இரண்டு மைல் தள்ளி ஆரம்பித்து, துறைமுகத்துக்கு இரண்டு மைல் முன்னாலேயே நின்றுவிட்டது. நடுவில் மகாராஜாவின் வேட்டை பங்களாவை ஒரு சுற்றுச் சுற்றியதில் இரும்பு தீர்ந்துபோயிற்று. பங்களாச் சன்னலில் நின்று ரயிலுக்குக் கையசைக்க அவருக்கு அவ்வளவு ஆசை.

ஆகவே இரண்டு முனையிலும் மாட்டு வண்டி வேண்டும். வண்டியெல்லாம் வண்டிப்பேட்டைத் தலைவர் மல்லப்பருடையவை. ரயில் வந்த நாளிலிருந்து மனுஷனுக்கு வயிற்றெரிச்சல். தோப்புப் பக்கத்து ஸ்டேஷனுக்கு நூறு அடி முன்னால் ஒரு வேப்பமரம். அதற்கு அப்பால் மூட்டையைத் தொடமாட்டோம் என்று வண்டிக்காரர்களிடம் சத்தியமே வாங்கிவிட்டார். ரயில் கூலிகளுக்கு மட்டும் ரோஷம் இல்லையா? "நாங்க பிளாட்பாரத்தை விட்டு இறங்க மாட்டோம்" என்றார்கள். நடுவிலிருந்த நூறு அடிக்கு நாதியில்லை. மாம்பழம் மரத்தடியில் கிடந்து அழுகியது. அந்த ஊர் ஆடுகள் மட்டும் கொழுகொழுவென்று இருந்தன.

ரயில் ஓடுவது இரண்டு மணி நேரம். யாரையாவது கெஞ்சி அதில் ஏற்றும் மாம்பழம் துறைமுகம் சேர ஐந்து நாள். வண்டியிலேயே போனால் இரண்டே நாள்!

மல்லப்பர் சபையில் எழுந்தார். "மகாராஜா, ஒரு பந்தயம் வைப்போம். தோப்பிலிருந்து ஒரு பாரம் என் வண்டியில், ஒரு பாரம் ரயிலில். என் வண்டி முந்தினால் தண்டவாளத்தைப் பிடுங்கி உருக்கி, தங்களுக்குக் குதிரைமேல் ஒரு சிலை வைப்போம்."

சிலை என்றதும் மகாராஜாவின் மீசை துடித்தது.

"சரி! அம்பலவாணரே, உமக்குப் புதுத் தண்டவாளம் கிடையாது. புது ஆளும் கிடையாது. நீர் தோற்றால், பிடுங்கும் முதல் தண்டவாளத்தை உம்ம தலையில் ஏற்றி, குடும்பத்தோடு எல்லைக்கு அப்பால் துரத்துவேன்!"

அம்பலவாணர் வீட்டில் சொன்னார். மனைவி தாயாரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இனிமே இன்னொரு ராஜாவா? இந்த ஒருத்தரைச் சமாளிச்சதே போதாதா? ஏதாவது செய்யுங்கோ!"

பந்தய நாள் காலை. அம்பலவாணரின் மூட்டைகள் வழக்கம்போல வேப்பமரத்தடியில் இறங்கின. பக்கத்திலேயே அவரும் உட்கார்ந்தார். ஓர் ஆடு முதல் மூட்டையைப் பிரித்துவிட்டது. அப்போது மல்லப்பரின் பந்தய வண்டி அந்த வழியே வந்தது. ஓட்டி வந்தவன் சடையாண்டி.

"சடையாண்டி, இடுப்பு எப்படியிருக்கு?"

"அதை ஏன் கேக்கறீங்க சாமி! வண்டி ஆடுற ஆட்டத்துல இடுப்பு இருக்கா இல்லையான்னே தெரியல. பொண்டாட்டி முகத்தைப் பார்த்துப் பன்னிரண்டு நாளாச்சு."

"வண்டியோட ரயில்ல ஏறு. ரெண்டு மணி நேரம் காலை நீட்டிப் படு. இறங்கி ரெண்டு மைல் ஓட்டு. சாயங்காலம் வீட்டுல இருப்பே."

"மரத்துக்கு அப்பால மூட்டையைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேனே!"

"யாருப்பா தொடச் சொன்னது? மூட்டை வண்டியிலேயே கிடக்கட்டும். நீ மாட்டைத்தானே ஓட்டப்போறே?"

சடையாண்டி தலையைச் சொறிந்தான். "நான் ஜெயிச்சா உங்களுக்கு ஆபத்தாச்சே சாமி?"

"அது என் கவலை. ஏறு!"

மரம் ஏற்றும் திறந்த பெட்டிக்குப் பலகை போட்டார்கள். வண்டி, மாடு, மாம்பழம், சடையாண்டி எல்லாம் ஒன்றாக ஏறியாயிற்று. மூட்டையை ஒருத்தரும் தொடவில்லை. கடைசியாக அம்பலவாணரும் ஏறிக்கொண்டார்.

துறைமுகத்தில் மகாராஜா கூடாரம் போட்டு இரண்டு நாள் விருந்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். முதல் நாள் மதியம், இலை போடுவதற்குள் சலங்கைச் சத்தம் கேட்டது. மல்லப்பர் கண்ணைக் கசக்கிப் பார்த்தார். அவருடைய வண்டியேதான்! நாளைச் சாயங்காலம் வர வேண்டியது இப்போதே எப்படி வந்தது என்று அவருக்கே புரியவில்லை. ஆனால் கிடைத்த பெருமையை விடுவாரா?

"பார்த்தீங்களா மகாராஜா! என் மாடு பறந்து வந்திருக்கு!"

வண்டியின் பின்னாலிருந்து அம்பலவாணர் இறங்கிக் கைகட்டி நின்றார். "தோற்றேன் மகாராஜா. என் மூட்டைகள் இன்னும் மரத்தடியில் ஆட்டோடு இருக்கின்றன. தண்டவாளத்தைப் பிடுங்கச் சொல்லுங்கள்."

"அய்யய்யோ!" என்று அலறியவன் சடையாண்டி. "பிடுங்காதீங்க எசமான்! அப்புறம் நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

"நீ ஏன் அலறுகிறாய்? ஜெயித்தவன் நீதானே?" என்றார் மகாராஜா.

"ரயில்ல படுத்துக்கிட்டுத்தான் எசமான் ஜெயிச்சேன்!"

நடந்ததையெல்லாம் ஒப்பித்தான். மகாராஜா விழித்தார். "அப்படியானால் ஜெயித்தது வண்டியா, ரயிலா?"

"வண்டிதான் மகாராஜா," என்றார் அம்பலவாணர். "ரயில் இல்லாமல் நாளைக்கும் இப்படி ஜெயிக்குமா என்று மட்டும் மல்லப்பரைக் கேளுங்கள்."

மல்லப்பர் கடலைப் பார்த்தார். மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். இனி மாம்பழ வண்டி எல்லாம் ரயிலேறித்தான் வர வேண்டும் என்று அங்கேயே உத்தரவு போட்டார். மகிழ்ச்சியில் தன் முத்துமாலையைக் கழற்றப் போனவர், பாதியில் யோசித்து, மோதிரத்தைக் கழற்றி அம்பலவாணருக்குக் கொடுத்தார்.

கூட்டம் கலைந்தது. மல்லப்பர் மெல்ல அம்பலவாணர் பக்கம் ஒதுங்கினார். முந்தின நாள் முழுக்கக் குதிரை வண்டியில் குலுங்கி வந்ததில் அவருக்கும் இடுப்பு கழன்றிருந்தது.

"ஓய் அம்பலவாணரே... திரும்பிப் போக அந்த ரயிலில் எனக்கும் ஒரு இடம் கிடைக்குமா?"

"தாராளமா! ஆனா எங்க ஆளுங்க உங்களைப் பிளாட்பாரம் வரைக்கும்தான் தொடுவாங்க. உங்க ஆளுங்க வேப்பமரத்தைத் தாண்டி வரமாட்டாங்க. நடுவில் அந்த நூறு அடிக்கு ஆடுதான் துணை. பார்த்து இருங்க!"