விட்டுப் படித்த வரிகள்

வைத்திலிங்கம் ஓய்வுபெற இன்னும் பதினோரு மாதம் இருந்தது. அந்த நேரத்தில் பார்த்து அவரைப் பால் ஒன்றியத்தின் கணினிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவள் வடிவு. அவருடைய கடைசி மகளைவிட இரண்டு வயது சின்னவள். முதல் நாள் அவளைக் கேலியாகத்தான் "குருவே" என்று கூப்பிட்டார். ஒரு மாதத்தில் கேலி போய்விட்டது. சொல் மட்டும் தங்கிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை ஒன்றியத்தின் மெயில்கள் எல்லாம் புது சர்வருக்கு மாறின. எல்லோருக்கும் கடிதம் வந்தது. புகார்ப் பிரிவு அருளப்பனுக்கு மட்டும் வரவில்லை.

அருளப்பனுக்குப் பார்வை கிடையாது. பதினான்கு வருடமாக ஒரே ஒரு பழைய மெயில் புரோகிராமை வைத்து வேலை பார்த்துவந்தார். அதன் விசைகள் அவர் விரல்களுக்கு மனப்பாடம். கடிதம் வந்தால் கணினியின் குரல் அதை அவர் காதில் படிக்கும். அவர் பதில் எழுதுவார். பால் திரிந்தது, பாக்கெட் ஓட்டை, வண்டி வரவில்லை என்று எழுதுகிற ஊர் முழுவதற்கும் அவர் பெயர் தெரியும்.

புது சர்வர் அந்தப் பழைய புரோகிராமை வாசலிலேயே நிறுத்திவிட்டது. பாஸ்வேர்ட் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் உள்ளே விடவில்லை. அது தன்னுடைய வலைப்பக்கத்தில் மட்டும்தான் கடிதத்தைக் காட்டும். அந்தப் பக்கத்தைத் திறந்தால் குரல் திணறி, "பட்டன், பட்டன், பட்டன்" என்றது.

"பதினாறு பட்டன் எண்ணிட்டேன், மேடம்," என்றார் அருளப்பன். "கடுதாசி ஒண்ணையும் காணோம். தையல் கடைக்குள்ள வந்துட்டேனா?"

வடிவு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்கம்மா. சரியாகலைன்னா இவரைத் தபால் பிரிவுல போட்டுடலாம். கவர் ஒட்டிக்கிட்டு நிம்மதியா இருக்கட்டும். அதுவரைக்கும் யாராவது படிச்சுக் காட்டுங்க."

அருளப்பனின் விரல்கள் விசைப்பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டன.

"நான் படிக்கிறேன்," என்றார் வைத்திலிங்கம்.

அவருக்கு நல்ல குரல். செவ்வாய்க்கிழமை முழுவதும் படித்தார். புதன்கிழமை ஒரு கடிதத்தில் இரண்டு வரி படித்துவிட்டு நின்றார். தொண்டையைச் செருமினார்.

"பால் கெட்டுப் போச்சாம். கொஞ்சம் கோபமா எழுதியிருக்காங்க."

"அவ்வளவுதானா, சார்?"

"அவ்வளவுதான்."

அருளப்பன் முகத்தைச் சற்றுத் திருப்பி, அந்தக் குரல் வந்த இடத்தையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, வருந்துகிறோம், நாளைக் காலை வேறு பாக்கெட் தருகிறோம் என்று பதில் எழுதினார்.

வியாழக்கிழமை காலை, கடிதம் எழுதிய பெண்ணே நேரில் வந்துவிட்டாள். மேனேஜர் அறையிலிருந்து அவள் பேசியது கட்டடம் முழுக்கக் கேட்டது.

"எம்புள்ள வாந்தி எடுத்து ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தான்னு எழுதுறேன். நீங்க வேற பாக்கெட் தரேங்கிறீங்க! படிக்கிறீங்களா இல்லையா?"

பிள்ளை வீடு திரும்பிவிட்டான் என்பது அவள் அழுது ஓய்ந்த பிறகுதான் தெரிந்தது. மதியத்துக்குள் அருளப்பனுக்கு மெமோ வந்தது.

வைத்திலிங்கம் கணினி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"நான்தான், குருவே. ஏழு வரி விட்டுட்டேன்."

வடிவு நிமிர்ந்து பார்த்தாள்.

"'கண்ணு தெரியாதவனை உட்கார வச்சா இப்படித்தான் நடக்கும்'னு எழுதியிருந்தா அந்தம்மா. அவர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு அதை எப்படிப் படிக்கிறது? தாண்டிட்டேன். பிள்ளை விஷயம் அதுக்கு அடுத்த வரியில இருந்திருக்கு."

"மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

"எழுதியே கொடுத்துட்டேன். மெமோ இப்ப எனக்கு."

வடிவு தலையசைத்தாள்.

"இனிமே ஒரு வரி விடமாட்டேன்," என்றார் அவர். "நீங்க நாலு நாளா இந்த சர்வரோட மல்லுக்கட்டுறீங்க. சோறுகூடச் சரியாத் தின்னல. எதுக்கு இந்தப் பாடு? ரிட்டயர் ஆகுற வரைக்கும் நானே படிச்சுக் காட்டுறேன். என் குரலுக்கு என்ன குறைச்சல்?"

வடிவு அந்தக் கடிதத்தை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அவர்கிட்ட படிச்சுக் காட்டிட்டு வாங்க. முழுசா."

அவர் போனார். அருளப்பனுக்கு எதிரே உட்கார்ந்தார். முதல் இரண்டு வரியும் வந்தன. மூன்றாவது வரியில் காகிதம் கையில் இருந்தது, குரல் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றார்.

"கண்ணைப் பத்தித்தானே, சார்?" என்றார் அருளப்பன்.

வைத்திலிங்கம் குனிந்துகொண்டார்.

"மாசத்துக்கு நாலு வரும்." அருளப்பன் மேஜையைத் தடவித் தன் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து நீட்டினார். "தண்ணி குடிங்க, சார். மெதுவா."

வைத்திலிங்கம் திரும்பி வந்தபோது வடிவு திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"முழுசா படிச்சீங்களா?"

"இல்ல."

"அவர் என்ன சொன்னார்?"

"எனக்குத் தண்ணி கொடுத்தார்."

வைத்திலிங்கம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அடுத்து என்ன செய்யணும்? சொல்லுங்க."

"சர்வரும் மாறாது. அவரோட புரோகிராமும் மாறாது," என்றாள் வடிவு. "ரெண்டையும் மாத்தப் பார்த்துத்தான் நாலு நாள் போச்சு. நடுவுல ஒண்ணை உட்கார வச்சுப் பார்ப்போம்."

அது ஒரு சின்னப் புரோகிராம். சர்வரிடம் சர்வரின் முறையில் பேசும். வாங்கியதைப் பழைய புரோகிராமிடம் அதற்குப் பழகிய முறையில் கொடுக்கும். வெள்ளிக்கிழமை காலை மூன்று முறை தோற்றது. வடிவு எண்களைச் சொல்ல, வைத்திலிங்கம் ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒரு முறை அவர் தப்பாகத் தட்ட, அவள் கோபப்படாமல் அதே எண்ணை மறுபடியும் சொன்னாள்.

மூன்று மணிக்கு அருளப்பனின் கணினி வாய் திறந்தது.

"நூற்று நாற்பத்திரண்டு புதிய கடிதங்கள்."

அருளப்பன் இரண்டு கையாலும் மேஜையைத் தட்டினார். "ஐயோ, தையல் கடை மூடியாச்சா!" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். பிறகு ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். அவர் புருவம் ஒரு முறை சுருங்கியது. ஒரு முறை உதடு கோணிக்கொண்டது. அப்புறம் விரல்கள் ஓடத் தொடங்கின. என்ன கடிதம், யார் எழுதியது, இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இருவரும் வராந்தாவுக்கு வந்து டீ வாங்கினார்கள். வைத்திலிங்கம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"குருவே, ஒரு சந்தேகம்."

"கேளுங்க, சார்."

"நடுவுல உட்கார்ந்திருக்கே, அந்தப் புரோகிராம். எல்லாக் கடிதமும் அது வழியாத்தானே போகுது?"

"எல்லாம்."

"திட்டுறதும்?"

"ஒரு எழுத்து விடாம."

"நானும் நடுவுலதானே உட்கார்ந்தேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "நல்லது நினைச்சுத்தானே உட்கார்ந்தேன். எனக்கும் அதுக்கும் என்னதான் வித்தியாசம்?"

அவர் கையிலிருந்த டீ ஆறிப் போயிருந்தது. வடிவு அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, வேறு சூடான டீ வாங்கி அவர் கையில் கொடுத்தாள்.

"அதுக்கு அவரைப் பார்த்தா பாவமா இருக்காது, சார்."