தெருமுனையில் ஒரு விக்கல்

தணிகைவேல் ராட்டர்டாமை விட்டு ஒரேயடியாகத் திருச்சிக்குத் திரும்பியபோது அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவின் ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் மட்டும் போர்ட்டிகோ மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது.

நாற்பத்தெட்டு வயதில் அவர் ஸ்பேனர் பிடிக்கப் பழகினார். பழக்கியவள் ஜெசிந்தா. பழைய வண்டிகளை மட்டும் பார்க்கிற மெக்கானிக். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அவர் அவளை மாஸ்டர் என்றார். அவள் அவரை அண்ணே என்றாள்.

"வேலை நீங்கதான் செய்யணும். நான் பார்ப்பேன், திட்டுவேன். அவ்வளவுதான்."

அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. கழற்றிய போல்ட்டை, அது இருந்த துளையிலேயே இரண்டு சுற்று திருகி வைத்துவிட வேண்டும். தணிகைவேல் முதல் நாளே எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, பெருமையாகக் குலுக்கிக் காட்டினார். எது எங்கே என்று கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனது.

பதினோராவது மாதம் வண்டி உயிர் பெற்றது. தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் முகம் மட்டும் மலரவில்லை.

"என்னண்ணே, பிள்ளை பொறந்த வீட்டுல மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?"

"சத்தம் சரியில்ல மாஸ்டர்."

"நல்லாத்தானே பாடுது?"

"அப்பா ஓட்டுறப்ப இப்படி இருக்காது. முனை திரும்பி கியரைக் குறைக்கிறப்ப ஒரு விக்கல் விக்கும். அப்புறம் தொண்டையைச் செருமுற மாதிரி இன்னொரு சத்தம். அது வர மாட்டேங்குது."

சைலன்சரை மூன்று தடவை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். தினமும் சாயங்காலம் கடைத்தெரு வரை போய், காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டி வருவார். வீட்டு வாசலில் இறங்கித் தலையை ஆட்டுவார்.

ஒரு நாள் ஜெசிந்தா வந்தபோது வண்டிக்குப் பக்கத்தில் அரமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"அது எதுக்கு?"

"சிலிண்டரைக் கழட்டி, புகை போற துளையைக் கொஞ்சம் அராவினா சத்தம் மாறும்னு படிச்சேன்."

"மாறும். பிடிக்கலைன்னா, அராவினதைத் திரும்ப ஒட்டிருவீங்களா?"

அவர் அரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதே மாதிரி இன்னொரு சிலிண்டர் எனக்குத் தெரிஞ்சு எங்கயும் இல்ல. கெட்டா வண்டி அத்தோட சரி."

"அந்தச் சத்தம் வரலைன்னா எனக்கு இது வெறும் இரும்புதான் மாஸ்டர். எங்க தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க."

ஜெசிந்தா கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அப்பா வர்றப்ப நீங்க எங்க இருப்பீங்க?"

"உள் ரூம்ல. கணக்கு நோட்டுக்குள்ள காமிக்ஸ் வச்சுப் படிச்சுக்கிட்டு. விக்கல் கேட்டதும் காமிக்ஸ் பாய்க்கு அடியில போயிரும்."

"அடி விழுமோ?"

"ஒரு நாளும் அடிச்சதில்ல. மண்டையில கையை வச்சு ஒரு ஆட்டு ஆட்டுவாரு. கையில பெட்ரோல் வாசம் அடிக்கும்."

அவள் அரத்தை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். சாவிக்குக் கை நீட்டினாள்.

"உள் ரூமுக்குப் போங்க. கதவைச் சாத்திக்குங்க."

"நான் உள்ள உக்காந்து என்ன பண்றது?"

"போங்கண்ணே."

போய்த் தரையில் உட்கார்ந்தார். வண்டி புறப்பட்டுத் தேய்ந்து மறைந்தது. அடுத்த வீட்டில் குக்கர் விசிலடித்தது. யாரோ யாரையோ குளிக்கச் சொல்லித் திட்டினார்கள். இவ்வளவு தூரம் ஏன் போகிறாள் என்று அவருக்குச் சலிப்பு வந்தது.

அப்போது முனையில் விக்கியது.

விக்கல். உடனே அந்தச் செருமல்.

அவருக்குத் தெரியாமலே கை தரையைத் துழாவியது. பாய் இல்லை. கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து கதவை இழுத்துத் திறந்துகொண்டு வெளியே ஓடினார்.

ஜெசிந்தா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா?"

தலையை மட்டும் ஆட்டினார். தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், இன்னும் ஒரே ஒரு தடவை போயிட்டு வாங்களேன். நான் உள்ள போய் உக்காந்துக்கறேன்."

அவள் மறுக்கவில்லை. ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"எத்தனை தடவை வேணும்னாலும் போறேண்ணே. ஆனா கேட்டைத் திறந்துக்கிட்டு வர்றது நான்தான்."