முதல் வேண்டாம்

நல்லமுத்து அண்ணன் கல்யாணப் பந்தியில நின்னாருன்னா, மடிச்ச இலையைக்கூட மறுபடி விரிக்க வேண்டியதுதான். "இதெல்லாம் ஒரு சாப்பாடா?"ன்னு இன்னொரு கரண்டி பாயசத்தை ஊத்திட்டுத்தான் நகருவாரு.

அவருக்கு ஒரு குரு. பேரு சிவகாமியம்மா. வயசுல அவரை விடச் சின்னவங்க. அதனால குரு சிஷ்யரை "அண்ணே"ம்பாங்க. சிஷ்யர் குருவை "அம்மா"ம்பாரு.

ரெண்டு பேரும் நார்வேக்குப் போனாங்க. கூப்பிட்டது சிக்ரிட்டுன்னு அந்த ஊரு அம்மா ஒருத்தங்க. திருவண்ணாமலையில கொஞ்ச காலம் இருந்து, தட்டுத் தடுமாறித் தமிழ் கத்துக்கிட்டவங்க.

போய் இறங்கினதுமே மேஜையில உருளைக்கிழங்கு சூப்பு. சுடச்சுட ரொட்டி. வாசனை ஆளைத் தூக்குது.

"அண்ணா, சூப்பு வேணுமா?"

அண்ணன் கையை மார்ல வச்சு, ஒரு பக்கமா நெளிஞ்சு, "ஐயோ, வேண்டாம்மா"ன்னாரு.

"சரி."

சட்டி போயிடுச்சு.

"ரொட்டி?"

"எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம்... வேண்டாம்."

"சரி."

ரொட்டியும் போயிடுச்சு. அண்ணன் கண்ணும் அது பின்னாலேயே அடுப்படி வரைக்கும் போச்சு.

குரு நிதானமா ரெண்டு கிண்ணம் குடிச்சாங்க.

சாயந்திரமும் இதே கதை. மறுநாள் காலையிலயும் இதே கதை. மத்தியானம் அண்ணன் பெட்டியைக் கட்ட ஆரம்பிச்சுட்டாரு.

"எங்கண்ணே?"

"ஊருக்கும்மா. டிக்கெட்டை மாத்திக் குடுங்க. பாசமே இல்லாத சனம். 'அட, சாப்பிடுங்க'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சா அந்த வாயில இருந்து?"

குரு எந்திரிச்சாங்க. கையை மார்ல வச்சு ஒரு பக்கமா நெளிஞ்சாங்க. "ஐயோ... வேண்டாம்மா..." அச்சு அசல் அண்ணன் குரல்.

அண்ணனுக்கே சிரிப்பு வந்துச்சு. கோவத்துல இருந்ததால அடக்கிக்கிட்டாரு.

குரு முந்தானையில இருந்து ஒரு ரொட்டியை எடுத்தாங்க. "வேணுமாண்ணே?"

"ஐயோ, நீங்க சாப்பிடுங்கம்மா. எனக்கு வேண்டாம்."

குரு பிச்சு வாயில போட்டுக்கிட்டாங்க.

"அம்மா!"

"வேண்டாம்னீங்களே."

"அது ஒரு மரியாதைக்கும்மா! அதைப் போயி நிஜம்னு எடுத்துக்குவாங்களா?"

"சிக்ரிட்டு எடுத்துக்கிட்டாங்கண்ணே. 'என் சமையல் அண்ணனுக்குப் பிடிக்கலையா'ன்னு காலையில கண்ணு கலங்கிட்டாங்க. இப்ப வேற என்னமோ கிண்டிக்கிட்டு இருக்காங்க."

அண்ணன் பெட்டி மேலேயே உக்காந்துட்டாரு. "இன்னொரு வாட்டி கேட்டிருக்கலாமேம்மா."

"எதுக்கு? நீங்க சொன்னதை முதல் தடவையே நம்பிட்டாங்க. நம்ம ஊர்ல யாருண்ணே உங்களை அப்படி நம்பியிருக்கா?"

கதவைத் தட்டுற சத்தம். சிக்ரிட்டுதான். கையில பால் ஊத்திக் காய்ச்சின அரிசிக் கஞ்சி, மேல பட்டைத்தூள்.

"அண்ணா... வேணுமா?" கிண்ணத்தை நீட்டினாங்க.

அண்ணன் கை தானா மாருக்குப் போச்சு. பாதி வழியில நின்னுச்சு. குருவைப் பார்த்தாரு. குரு மீதி ரொட்டியை மென்னுக்கிட்டு இருந்தாங்க.

ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிட்டாரு.

ஒரு கிண்ணம். இன்னொரு கிண்ணம். அப்புறமும் ஒண்ணு. சிக்ரிட்டு முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னும் வேணுமா அண்ணா?"

"போதும்மா."

"சரி"ன்னு கிண்ணத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

அண்ணன் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் மெதுவா, "நிஜமாவே போதும்மா"ன்னாரு.

"அது அவங்களுக்குத் தெரியும்ணே"ன்னாங்க குரு.