ராஜா பேச நினைத்த ஒன்று

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். கோபம் வந்தால் பொல்லாதவர், அதுவும் ஒரு நாழிகைக்குத்தான். ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. எதிரே யார் வந்தாலும், "உன்னிடம் ஒன்று பேச வேண்டும், அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பிறகு அதை அடியோடு மறந்துவிடுவார். கேட்டவர்கள் மறப்பார்களா?

ஒரு வெள்ளிக்கிழமை அந்த வார்த்தை அரண்மனைச் சமையற்காரர் திருமலைக்கொழுந்தின் காதில் விழுந்தது. இருபது வருஷமாக அந்த அடுப்படியே கதி என்று இருந்த மனிதர். தயிர் புளித்துவிட்டதா, சோறு குழைந்துவிட்டதா என்று யோசிக்கத் தொடங்கினார். யோசிக்க யோசிக்க வயிறு எரிந்தது, நெஞ்சு படபடத்தது, பிடரி கல்லாக இறுகியது. சோறு இறங்கவில்லை. மனைவியை ஒரு நாளும் அதட்டாதவர், தண்ணீர் தரத் தாமதமானதற்கு எரிந்து விழுந்தார். பிறகு கிணற்றடியில் தனியாக நின்று அழுதார். திங்கட்கிழமை, போட்டதை மறந்து குழம்பில் இரண்டாம் முறையும் உப்பைப் போட்டார்.

அரண்மனை மேற்பார்வையாளர் ஏகாம்பரத்தாருக்கு இது போதாதா? தன் மைத்துனரை மடைப்பள்ளிக்குள் நுழைக்க வெகுநாளாக வழி தேடிக்கொண்டிருந்தவர் அவர். மறுநாள் சபையில், இது மறதி இல்லை, இருபது வருஷத் திமிர் என்று மூட்டிவிட்டார். ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விளக்கு வைத்ததும் கொழுந்து கோட்டையை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டார். கொழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே நடந்தார்.

இருபது வருஷமாகத் தவறாத கை இப்போது ஏன் தவறியது என்று யோசித்தவர் அமைச்சர் வேம்படியார் ஒருவர்தான். கொழுந்தைத் தனியே அழைத்துப்போய் விஷயத்தைக் கேட்டறிந்தார். திரும்பி வந்து ராஜாவை வணங்கினார். "மகாராஜா, தங்களிடம் ஒன்று பேச வேண்டும். இப்போது வேண்டாம், விளக்கு வைத்ததும் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மதியம் கொழுந்து கடைசி முறையாகப் பரிமாற வந்தார். ராஜா இலையைத் தொடவில்லை. எல்லையில் படை வந்துவிட்டதோ, ராணியின் பிறந்தகத்தில் யாருக்காவது ஏதாவதோ என்று காலையிலிருந்து குழம்பிக்கொண்டிருந்தார். விசிறிக்காரரைத் திட்டித் தீர்த்தாகிவிட்டது. இப்போது ஒரு கை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும், தன்னைத் துரத்துகிறவர் இவர்தான் என்பதே கொழுந்துக்கு மறந்துபோயிற்று. பாவமாக இருந்தது. மோரில் சீரகம் தட்டிப்போட்டு நீட்டினார்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குதா மகாராஜா? பிடரி கல்லாட்டம் இருக்கா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் நாலு நாளா அதேதான்."

"வைத்தியரைப் பார்ப்பதுதானே?"

கொழுந்து தலையைக் குனிந்துகொண்டார். "வெள்ளிக்கிழமை ஒண்ணு பேசணும்னு சொன்னீங்க மகாராஜா. இன்னும் கூப்பிடல."

ராஜாவின் கையிலிருந்த மோர் வாய்க்குப் போகாமல் நின்றது.

விளக்கு வைத்ததும் வேம்படியார் சபைக்கு வந்தார். "என் வீட்டுக் கிளி இன்று காலை முதன்முதலாகத் தங்கள் பெயரைச் சொன்னது மகாராஜா. அதைத்தான் பேச நினைத்தேன்."

"இதற்காகவா என்னை ஒரு பகல் முழுக்க வறுத்தெடுத்தீர்?"

"ஒரு பகல்தானே மகாராஜா" என்றார் வேம்படியார்.

ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்தார். வாசலில் மூட்டையோடு நின்ற கொழுந்திடம் தானே இறங்கிப் போனார். "போன வாரம் நீ வைத்த மிளகுச்சாறு என் அம்மா வைத்தது மாதிரியே இருந்தது. அதைச் சொல்லத்தான் நினைத்தேன், மறந்தே போனேன். நாலு நாள் உன்னைச் சாப்பிட விடாமல் செய்துவிட்டேன். மன்னித்துவிடு கொழுந்து."

கொழுந்து மூட்டையைக் கீழே வைத்துவிட்டு விம்மி அழுதார். வேம்படியாருக்கு முத்துமாலையும் கிளிக்கு ஒரு கூடை கொய்யாப்பழமும் கிடைத்தன. பிறகு ராஜா மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "ஏகாம்பரத்தாரே, உம்மிடமும் ஒன்று பேச வேண்டும்."

ஏகாம்பரத்தாரின் முகம் வெளுத்தது. கை தானாக வயிற்றுக்குப் போனது. ராஜா சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். உம் மைத்துனருக்கு மடைப்பள்ளியில் வேலை உண்டு, கொழுந்துக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கட்டும். முதல் கூடையை மட்டும் நீர் உரித்துக் காட்டும்." சபை சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று.

கொழுந்து வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலிலேயே காத்திருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு பேசணும்" என்று ஆரம்பித்தவர், மூச்சுக்கூட விடாமல் தொடர்ந்தார்: "அன்னிக்கு எரிஞ்சு விழுந்தது என் தப்பு. சோறு போடு, பசிக்குது."